நொண்டிக் குதிரைக்குக் குங்குமம்

“உன் பொண்ணு இங்கிலீஷ் படிச்சு என்னய்யா ஆகப்போகுது? உனக்கு ரேஸ் புக் படிச்சுச் சொல்லுவா, அவ்வளவுதான்.”

நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய அன்று, வங்காளத்தில் கரியாஹாட் கடைத்தெருவில் அப்பா தோசை மாஸ்டராக இருந்த டிபன் கடையின் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி சொன்னது இது. அப்பா சிரித்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஆனால் முதலாளி சொன்னது அப்படியே பலித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா மறுநாள் பந்தயங்களின் புத்தகத்தை வாங்கிவருவார். கடையின் பின்கட்டில், மாவரைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள். சாம்பார் போடுகிறவர், பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். குதிரையின் பெயர், வயது, அது சுமக்கும் எடை, ஜாக்கி, கடைசி ஓட்டங்களில் வந்த இடம் என்று ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொல்வேன். முடிவான குதிரைக்கு நேரே அப்பா குங்குமப் பொட்டு வைப்பார். பந்தயம் முடிந்த பிறகும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போட மாட்டார். பொட்டு வைத்தது குப்பைக்குப் போகக் கூடாதாம். பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் இருந்த ஒற்றை அறையில், சாமி அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க ரேஸ் புத்தகங்கள். என் பாடப்புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில்.

சனிக்கிழமை தோற்றுவிட்டு வருவார்கள். ஜாக்கி இழுத்துப் பிடித்துவிட்டான், குதிரைக்கு வெளிப்பக்கம் இடம் விழுந்துவிட்டது, பக்கத்தில் நின்ற வங்காளி தும்மிவிட்டான். ஒரே ஆள் மூன்று வாரம் மூன்று காரணம் சொல்வான், மூன்றையும் நம்புவான். எப்போதாவது ஜெயித்தால் அடுத்த பந்தயத்துக்குள் அதுவும் போய்விடும். தோல்விக்கு ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. வாசிக்கிறவள் சரியாகத்தான் வாசித்தாளாம்.

வேண்டாவெறுப்பாகச் செய்தேன் என்று எழுதினால் பொய். நாலைந்து பெரிய ஆண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஐந்தாவது பந்தயத்தில் நாலாம் நம்பர் ஒரு பெண்குதிரை. கடைசி ஓட்டத்தில் நொண்டியதால் பாதியில் நிறுத்தப்பட்டது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. வாசித்தேன்.

“நொண்டுச்சா? வெயிட் எவ்வளவு போட்டிருக்கான்?” என்றார் அப்பா.

“இருக்கறதுலயே கம்மி.” தோற்கும் குதிரைக்கு அடுத்த ஓட்டத்தில் எடையைக் குறைப்பார்கள்.

“பாத்தியா. ஓடாத மாதிரி காட்டிக் காட்டி வெயிட்டை இறக்கியிருக்கான். இப்ப விடுவான் பாரு.”

“வேணும்னேதான் நொண்ட வச்சிருப்பாங்கண்ணே,” என்றார் சாம்பார்க்காரர். “தங்கச்சி என்ன சொல்லுது?”

தங்கச்சி எல்லா எடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். கல்லூரியில் பரீட்சை எழுதுவதைப் போல யோசித்தாள். “நாலாம் நம்பர்தான் வரணும்,” என்றேன். காலைப் பற்றிய வரி என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. ஒரு குதிரை நொண்டியது எங்கள் எல்லோருக்கும் நல்ல சேதியாகிவிட்டது. அப்பா பொட்டு வைத்தார்.

மறுநாள் என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கடைசி நேரத்தில் ஜாக்கியை மாற்றினால் ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் சொல்வார்கள். முந்தின வாரம் அது புரியாமல் ஏமாந்திருந்தார். மலிவு டிக்கெட் பகுதி. காலுக்குக் கீழே சேறு, வெற்றிலைத் துப்பல், கிழித்துப் போட்ட சீட்டுகள். நனைந்த சட்டைகளின் வாடை. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில் வேலியோரம் நின்றோம்.

நாலாம் நம்பரைப் பிடித்து வந்தவரை எனக்குத் தெரியும். அந்தக் குதிரையைக் குளிப்பாட்டித் தீனி போட்டுப் பார்த்துக்கொள்ளும் சைஸ். பீகார்க்காரர், ஐம்பது வயதிருக்கும். திங்கட்கிழமைகளில் எங்கள் கடைக்கு வந்து இட்லி சாப்பிடுவார். குதிரையின் முன்னங்காலில் வெள்ளைத் துணிக்கட்டு. கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலைத் தரையில் வைத்தவுடன் எடுத்துவிட்டது.

“அப்பா, அது காலை ஊனவே மாட்டேங்குது.”

“டிக்கெட் எடுத்தாச்சு. சும்மா இரு பாப்பா.”

சைஸ் எங்களைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓட்டத்தின் வளைவில் நாலாம் நம்பர் விழுந்தது. முன்னங்கால் மடங்கி, தலைகுப்புற. ஜாக்கி வேலிக் கம்பில் மோதி விழுந்து, அப்புறம் அசையவில்லை. என் மனதில் முதலில் ஓடியது, ‘எடை சரியாகத்தானே பார்த்தேன்’ என்பதுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் ஓடியது.

என்னைச் சுற்றி ஒருவரும் ஐயோ என்று சொல்லவில்லை. “ஷாலா, விழுறதுக்கு மாசம் சம்பளம் வாங்குறான்,” என்று ஒரு வங்காளி தன் மொழியில் கத்த, பத்துப் பேர் சிரித்தார்கள். பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். குதிரை எழுந்திருக்க முயன்றது. மூன்று காலில் எழுந்து மறுபடி விழுந்தது. நாலைந்து பேர் ஓடிவந்து அதைச் சுற்றிப் பச்சைத் துணித் தட்டி பிடித்தார்கள். பட் என்று ஒரு துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான். தட்டியை எடுப்பதற்குள் கூட்டம் அடுத்த பந்தயத்துக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றுவிட்டது. அப்பாவும் நின்றார்.

“இதுக்கு விழ வேற நேரம் கிடைக்கலையா,” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். “ஆறாவது படி.”

படிக்கவில்லை. புத்தகத்தை மூடி அப்பாவின் கையிலேயே திணித்தேன்.

திங்கட்கிழமை சைஸ் வந்தார். இட்லி கேட்கவில்லை. கட்டை இவர் சரியாகக் கட்டாததால் அவிழ்ந்து காலில் சுற்றிக்கொண்டது என்று குதிரையின் டிரெய்னர் சொல்லிவிட்டாராம். ஜாக்கிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. பழி இவர் தலையில் விழுந்தால் வேலை போகும், லாயத்துக்குப் பின்னால் அவர் மனைவி மக்களோடு இருக்கும் அறையும் போகும்.

“மகளே, காலையிலேயே கால் சூடா இருந்துச்சு. சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்,” என்றார் ஹிந்தியில். “என் பேச்சை இங்கிலீஷ்ல யார் எழுதித் தருவாங்க?”

“நமக்கெதுக்கும்மா பெரிய இடத்து வம்பு,” என்றார் முதலாளி.

அப்பா தோசைக்கல்லை விட்டுவிட்டு வந்தார். “எழுதாதே. லாயத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சா எந்தக் குதிரை வரும்னு இனிமே ஒரு டிப்ஸும் வராது.”

அந்த நிமிஷம் அப்பாவைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதே அருவருப்பு என் மேலும் இருந்ததால் நான் கத்தவில்லை. வீட்டுக்குப் போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்த வாரப் புத்தகத்தை உருவினேன். பின்னாலேயே வந்த அப்பா வாசலில் நின்றார்.

“பொட்டு வச்சதை வெளிய எடுக்காதே பாப்பா.”

“பொட்டு வச்ச குதிரை செத்துப்போச்சுப்பா.”

அவர் வாசலை விட்டு விலகி வழிவிட்டார்.

கடிதத்தை இங்கிலீஷில் இரண்டு பிரதி எழுதினேன். கால் சூட்டை டிரெய்னரிடம் சொன்னதாக சைஸ் சொன்னதை அப்படியே எழுதினேன். அது முன்பே நொண்டிய குதிரை என்று அச்சிலேயே இருப்பதை எழுதினேன். கட்டு இறுக்கமாக இருந்ததையும், ஓட்டத்துக்கு முன்பே குதிரை காலை ஊனாததையும் நேரில் பார்த்தவள் நான், என்னை விசாரிக்கலாம் என்று என் பெயரையும் விலாசத்தையும் போட்டேன். சைஸ் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

புதன்கிழமை காலை டிராம் பிடித்துப் போய், பந்தய அலுவலகத்து ஜன்னலில் கடிதத்தையும் குங்குமப் பொட்டுள்ள புத்தகத்தையும் நீட்டினேன். குமாஸ்தா படித்தார். என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

“இந்த இங்கிலீஷ் யாருடையது?”

“என்னுடையது.”

“விசாரணை வெள்ளிக்கிழமை. சாயங்காலம்வரை ஆகும். வருவீர்களா?”

வெள்ளிக்கிழமைக்குக் கல்லூரியில் லீவ் லெட்டர் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். இரண்டாவது பிரதியில் அவர் முத்திரை குத்தித் தரும்வரை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.