களி இல்லாத வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சட்டி களி வந்தது.

கொண்டுவந்தவள் பொன்னாயி. தேவனூர் நாட்டுக்காரி; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. எங்கள் வீட்டுக்கு மேல்புறம்தான் அவளுடைய காடு. புது ராகி அறுத்து, திரித்து, முதல் களியை எங்களுக்கு எடுத்து வந்திருந்தாள். ஆவி பறந்தது. நடுவில் குழித்து அவரைக் குழம்பு வேறு.

"அம்மிணி, சூடு ஆறதுக்குள்ள ஒரு வாய் போடு."

என் மனைவி பாவாயி சட்டியைக் கையில் வாங்கினாள். குனிந்து மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாங்க அக்கா. எடுத்துட்டுப் போயிருங்க."

மலையில் புதுக் களியைத் திருப்பிக் கொடுப்பது லேசான விஷயமல்ல. ஆனால் பொன்னாயி கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்குத் தெரியாதே... சொல்கிறேன். இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கும் இதுவே பதில்.

விஷயம் கொஞ்சம் அசிங்கமானது. சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிற பழக்கம் உள்ளவர்கள், தயவுசெய்து கையைக் கழுவிவிட்டு வந்து படிக்கவும்.

கொல்லிமலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் அடிவாரம். மலை ஏறிய நாளிலிருந்து எங்கள் அடுப்பில் ராகிதான். காலையில் கூழ், மத்தியானம் களி, ராத்திரியும் களி. பாவாயி கிண்டினால் களி மெழுகு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

போன கோடையிலிருந்து அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுனைக்குப் போய்க் குடத்தோடு திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பொன்னாயியிடம் மட்டும் ரகசியமாக ஒன்று சொல்லியிருக்கிறாள் — வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று.

"ராகி தின்னா கறுப்பாத்தான் போவும். பின்ன, வெள்ளையாவா போவும்?"

பொன்னாயி சிரித்தாள். பாவாயியும் சிரித்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது. பொன்னாயி சொன்னது பொய்யுமல்ல. இந்த மலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மூன்று வேளையும் ராகி தின்கிற ஊரில் கறுப்பைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

அடிவாரத்து டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். கம்பவுண்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைச்சல் என்று இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். அந்த டானிக்குக்கும் ஒரு குணம் உண்டாம், அதுவும் கறுப்பாகத்தான் வெளியேறும். ஆக, கறுப்பின்மேல் கறுப்பு. உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்போடு அடுப்படியில் சாய்ந்துவிட்டாள்.

டோலி கட்டி மலையை விட்டு இறக்கினோம். பிறகு பஸ். பிறகு ரயில். சென்னைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

டாக்டர் நரைத்த மீசைக்காரர். அவசரமே இல்லாமல் கேட்டார்.

"காலையில் என்ன சாப்பிடுவீர்கள், அம்மா?"

"ராகிக் கூழுங்க."

"மத்தியானம்?"

"களிங்க."

"ராத்திரி?"

பாவாயி என்னைப் பார்த்தாள். இந்த மனுஷருக்குக் காது மந்தமோ என்கிற பார்வை. "அதே களிதானுங்க."

அவர் ராகியை நிறுத்தச் சொன்னார். டானிக்கையும் நிறுத்தினார். கறி, கீரை கூடாது. குழைந்த அரிசிச் சோறும் மோரும் மட்டும். தினமும் வெளிக்குப் போனதை நர்ஸ் மூடி போட்ட தட்டில் பரிசோதனைக்கு எடுத்துப் போவாள். பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை. "இதென்னுங்க, காத்தைத் தின்னாப்புல இருக்குது" என்பாள். சாயங்காலம் நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே பேச்சு — "ஊட்டுல ராகிக்கு வேப்பந்தழை போட்டு வெச்சீங்களா? வண்டு வெச்சிரும்."

ராகி வயிற்றைவிட்டு எப்போதோ போய்விட்டது. கறுப்பு போகவில்லை.

"இது ராகி இல்லை. ரத்தம்" என்றார் டாக்டர். "உள்ளே எங்கேயோ கசிகிறது. வெளியே வருவதற்குள் தார் மாதிரி ஆகிவிடுகிறது."

எங்கே? அதுதான் கேள்வி. மாவு மாதிரி ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இரைப்பை சுத்தம். கரைசல் கீழே இறங்க இறங்க, மறுபடி மறுபடி எடுத்தார்கள். கடைசியில் சிறுகுடலில் ஓர் இடத்தில் வெள்ளைக்கு நடுவே வட்டமாக ஒரு கறுப்பு.

"இரைப்பையில் கட்டி பார்த்திருக்கிறேன். பெருங்குடலில் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் ரொம்ப அபூர்வம்" என்றார். அவர் குரலில் ஒரு வியப்பு இருந்தது. எனக்கு அந்த வியப்பு பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கு வருகிற சாதாரண வியாதி இவளுக்கும் வந்திருக்கக்கூடாதா?

ஆபரேஷன் அன்று நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதையும் வரிசையாக யோசித்தே பழக்கம். அன்று எதுவும் வரிசையில் நிற்கவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டியை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் கிண்டுகிற சத்தம். அதை இனிமேல் கேட்பேனா?

கட்டியோடு சேர்த்துக் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கட்டி எலுமிச்சம்பழம் அளவு. கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். இவ்வளவுதானா என்றிருந்தது. இவ்வளவா என்றும் இருந்தது.

நினைவு திரும்பியதும் பாவாயி முதலில் கேட்டது என்ன? "வேப்பந்தழை போட்டீங்களா, இல்லீங்களா?"

ஊருக்குத் திரும்பும் நாளில் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவரை கெட்ட கட்டியாகத் தெரியவில்லை. ஆனால் இந்த வகையை முழுக்க நம்பவும் முடியாது. திரும்பி வந்தால் மறுபடியும் கறுப்பாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

"அதனால் அடுத்த வருஷம் நான் பார்த்துச் சொல்லும்வரை ராகி கூடாது."

"இனி டானிக்கு வேணாங்க, கறி வேணாங்க. களி மட்டும் ஒரு வாய்..." என்று பாவாயி இழுத்தாள். "ராகிக் கறுப்பு வேற, அந்தக் கறுப்பு வேறன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"வேறேதான். ஆனால் ஒரு தடவை ஏமாந்திருக்கிறீர்களே, அம்மா."



அதிலிருந்து எங்கள் வீட்டில் அரிசிச் சோறு. நானும் களியை விட்டேன். "உங்களுக்கென்னுங்க கேடு? பொன்னாயக்கா ஊட்டுல போயித் தின்னுட்டு வாங்க" என்று விரட்டுகிறாள். போனேன் ஒரு நாள். பொன்னாயி களி நன்றாகத்தான் கிண்டுகிறாள். உருண்டையைக் குழம்பில் தொட்டேன்... இறங்கவில்லை. நான் ஏங்கியது களிக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொன்னாயி சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறிய பிறகு, பாவாயி தன் கையை முகத்தருகே வைத்து மோந்துகொண்டாள். "ஆவி கையில ஒட்டியிருக்குதுங்க" என்றாள். அன்று வெகு நேரம் கை கழுவவில்லை.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளிடம் கேட்க நான் கூச்சப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. இப்போது விடிந்ததும் முதல் கேள்வி அதுதான். பனி விலகாத காட்டுப் பக்கமிருந்து செம்போடு அவள் திரும்பி வரும்வரை நான் வாசலில் நிற்கிறேன். அவள் பக்கத்தில் வருவதற்குள்ளாகவே என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுகிறாள்.

புருஷன்மார்கள் மனைவியிடமிருந்து என்னென்னவோ இனிமையான சொற்களுக்கு ஏங்குவார்களாம். நான் காலைதோறும் ஏங்கி நிற்பது இதற்குத்தான்:

"மஞ்சளாத்தானுங்க இருக்குது... உள்ள போங்க!"