மாதம்மாள் அக்கா அழிக்க மறுத்த வரி

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கைப்பேசி ஒலித்தது. மாரண்டஹள்ளியிலிருந்து மாதம்மாள் அக்காவின் மகள் கவிதா. "அம்மா போயிட்டாங்க சித்தி. காலையிலதான்" என்றாள். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "அடடா, நல்ல மனுசியாச்சே" என்றவர், "கையில இருக்கற பக்கத்த முடிச்சு அனுப்பிட்டுப் போங்க" என்றார். முடித்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். என்னைத் தெரியாதவர்கள் இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்கா இங்கிலாந்துக்காரர்களின் குடியேற்ற நாடாக இருந்த காலத்துப் பதிவேடுகளைப் படமெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைப் படித்துத் தட்டச்சு செய்து, யாருக்கு யார் பிறந்தார் என்று கோத்துக் கொடுக்க வேண்டும். தங்கள் பாட்டன் முப்பாட்டனைத் தேடும் அமெரிக்கர்கள்தான் வாடிக்கையாளர்கள். "எவன் தாத்தனையோ தேடற நேரத்துக்கு நாலு வெங்காயம் உரிச்சிருக்கலாம்" என்பார் எங்களோடு அங்கே வேலை பார்த்த அக்கா. ஆனால் அந்தக் கிறுக்கல் எழுத்துகளை அவரைப்போலப் படிக்க எங்களில் ஒருவராலும் முடியாது.

அதற்கு முன் இருபது ஆண்டுகள் பத்திரம் எழுதும் ஒருவரிடம் உதவியாளராக இருந்தவர் அவர். ஆங்கிலம் அரைகுறை. "அர்த்தம் அப்பறம். எழுதுனவன் கைய எங்க தூக்குறான், எங்க அழுத்துறான்னு பாரு, எழுத்து தானா வரும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கூத்தும் நடந்தது. வில்லியம் மகன் ஜானை, நம் ஊர் வழக்கப்படி 'வி. ஜான்' என்று போட்டுவிட்டார். இப்படி ஒரு கிராமமே தலைப்பெழுத்தோடு அமெரிக்காவுக்குப் போய்த் திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

தலைப்பெழுத்து அவருக்கு விளையாட்டல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கவிதா வயிற்றிலிருக்கும்போதே கணவர் ஓசூரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் போய்விட்டார். அக்கா மகளுக்கு 'மா. கவிதா' என்றே பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில், "அப்பன் இல்லாமயா புள்ள பொறந்துச்சு?" என்று கேட்டார்களாம். "பொறந்தன்னைக்கு யாரு பக்கத்துல இருந்தாங்களோ அவங்க பேரத்தாங்க போட்டிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். சொந்த அண்ணனே ஓராண்டு அவரோடு பேசவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு அமெரிக்கப் பெரியவர் தன் வம்சத்தைத் தேடித் தரச் சொன்னார். அவருடைய மூதாதை தாமஸ், ஒரு பெரிய நிலக்கிழாரின் மகன் என்பது அவர் நம்பிக்கை. பழங்குடும்பத்தார் மட்டும் சேரக்கூடிய ஏதோ சங்கத்தில் சேர அதற்கு ஆதாரம் வேண்டியிருந்தது. நீதிமன்றப் பதிவேட்டில் அக்கா கண்டுபிடித்தது வேறு. தாமஸின் தாய் ஆன், அந்த நிலக்கிழார் வீட்டில் குறித்த ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தத்துக்குக் கட்டுண்ட பணிப்பெண். மணமாகாமல் பெற்றதற்காக அவளுக்குச் சாட்டையடி விதித்திருக்கிறார்கள். தகப்பன் யாரென்று அவள் வாய் திறக்கவில்லை. பிள்ளையை அந்த வீட்டுக்கே வேலைக்கு எழுதி வைத்துவிட்டார்கள். 'தாய்: ஆன். தந்தை: பதிவில் இல்லை' என்று அக்கா தட்டச்சு செய்தார்.

பெரியவர் கொதித்துப் போய் மின்னஞ்சல் எழுதினார். அந்த வரியை எடுத்துவிட்டு நிலக்கிழாரைத் தந்தையாகப் போடும்படி மேலாளர் சொன்னார்.

"சட்டியில இருக்கறதுதானுங்களே அகப்பையில வரும்?" என்றார் அக்கா. "முதுகுத்தோலு உரிய அடி வாங்கிப் பெத்திருக்கறா. அவள வுட்டுட்டு எவன் பேரையோ எழுதச் சொல்றீங்களே, நானு மாட்டேனுங்க."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். நான் எழுதினேன். ஆன் என்ற பெயரை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மாதம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருடைய நாற்காலி எனக்குக் கிடைத்தது. நல்ல நாற்காலி, முதுகு வலிக்காது.

கிளம்பும்போது என்னிடம், "உனக்கு வேலை வேணும், சரி. எனக்கும் வேலை வேணும்தான சுமதி?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது தெரிந்து, போன மாதம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். முகம் வீங்கியிருந்தது. "அந்த வரிய திருப்பிப் போட்டியா?" என்றார். இல்லை என்றேன். "அப்பறம் எதுக்கு வந்த?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் என்னை மன்னித்துவிட்டதாக எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். மன்னிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். மாலைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. காலடியில் உட்கார்ந்து அழுதேன். அப்போது அக்காவின் அண்ணன் இறப்புப் பதிவு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "ஆபீசுல எழுதறவங்கதான நீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றார். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். கணவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"வேணாம் சித்தி. அம்மாவுக்குப் புடிக்காது" என்றாள் கவிதா.

"காலியா வுட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. கட்டுனவன் பேரு இல்லாம போனாள்னா ஊரு என்னா பேசும்? எழுதும்மா" என்றார் அண்ணன். சுற்றி நின்றவர்களும் எழுது எழுது என்றார்கள்.

எழுதினேன். எழுத்துப் பிழையில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். முப்பது ஆண்டு எட்டிப் பார்க்காதவர் சாவுக்கும் வரவில்லை; அவர் பெயர் மட்டும் வந்து அக்காவின் பெயருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. கவிதா அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பாடையைத் தூக்கினார்கள். மேளச்சத்தம் தெருமுனை திரும்பும்வரை அந்தப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா, உயிரோடு இருந்தபோதும் உங்கள் பக்கம் நிற்கவில்லை, செத்த அன்றும் நிற்கவில்லை. இந்தக் கட்டுரையில் மட்டும் அந்த மனிதரின் பெயரை எங்கும் எழுதவில்லை. யாரும் என்னை அதட்டாத இடத்தில் எனக்கு இவ்வளவுதான் தைரியம். போய் வாருங்கள்.