விலைபோகாத கிட்டாரும் சாமான் அறை ஏணையும்

கிட்டார் விற்கிற கடையில் வேலை என்றால், கிட்டார் விற்பதைத் தவிர மற்ற எல்லாமே செய்ய வேண்டும். கல்பிட்டியில் எங்கள் கடையில் நான் மைக் வயர் சுற்றுவேன், கோயில் பெருநாளுக்கு வாடகைக்குப் போய் வந்த ஸ்பீக்கரில் கரப்பான் தட்டுவேன், போன் சார்ஜர் விற்பேன். வாடிக்கையாளருக்குச் சிரித்துச் சிரித்தே தாடை நொந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், என்னோடு சேர்ந்து தாடையைத் தடவிக்கொள்ளுங்கள்.

நாட்டில் சண்டை முடிந்து, பட்டம் கட்டிக் கடலில் பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரர் பக்கத்து ஆலங்குடாக் கடற்கரைக்கு வரத் தொடங்கியதும், முதலாளி ரமீஸ் நாநா கொழும்புக்குப் போய் ஒரு விலை கூடிய கிட்டார் கொண்டு வந்தார். அதைச் சும்மாவும் வாசிக்கலாம், ஸ்பீக்கரில் கொழுவியும் வாசிக்கலாம். ஆனால் அதன் பெருமை வேறு. வெட்டுகிற மரத்துக்குப் பதில் மரம் நடுகிற காட்டில் எடுத்த மரமாம். சாட்சிக்கு ஒரு சான்றிதழ். "வெள்ளைக்காரன் சத்தத்துக்கு முன்னம் மரத்தத்தான் விசாரிப்பான்" என்று நாநா என்னைப் பாடம் பண்ண வைத்தார்.

சீசன் முடிவதற்குள் அது போகாவிட்டால், இசைச் சாமான்களை ஏறக்கட்டிவிட்டு மருமகன் நிஸாமுக்குப் போன் கடை வைத்துக் கொடுப்பதென்று அவர் வீட்டில் முடிவு. நிஸாமுக்குக் கடையில் பிள்ளை அழுகிற சத்தம் ஆகாது. என் கைக்குழந்தை மெரின் சாமான் அறையில் நான் சேலையில் கட்டிய ஏணையில் தூங்குகிறவள். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டால் அவளைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. ஆக, கிட்டார் போனால் ஏணை இருக்கும். கிட்டார் இருந்தால் ஏணை போகும்.

அலுமாரிக் கணக்கு

முதலில் வந்தவர் ஒரு மீன் முதலாளி. மகளின் கலியாணத்துக்கு ஸ்பீக்கர் வாடகை பேச வந்தவர், கிட்டாரைக் கண்டதும் விரலை மடக்கிக் கதவு தட்டுகிற மாதிரித் தட்டிப் பார்த்தார். நான் பாடம் பண்ணியதை ஒப்புவித்தேன். முதுகு மஹோகனி, முகம் குளிர் நாட்டு மரம், ஒன்று வெட்டினால் ஒன்று நடுவார்கள், காட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாக ஒன்றும் ஒப்புவித்ததில்லை. அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் விலையைச் சொன்னதும் ஆட்டம் நின்றது. "இந்தக் காசுக்கு முழு மரத்தையும் வாங்கி, கிட்டார் செஞ்ச மிச்சத்தில ஒரு அலுமாரியும் அடிக்கலாமே பிள்ள."

கரண்ட் விசயம்

பாட்டு வகுப்புக்குப் போகிற மகளோடு ஒரு அம்மா வந்தா. கரண்டில் வேலை செய்கிற கிட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொட்டால் அடிக்குமா என்று கேட்டா. அடிக்காது என்றேன். மழைக்காலத்தில்? அப்போதும் அடிக்காது. நம்பிக்கை வர, மகளை விட்டுவிட்டு என்னை ஒருதரம் தொடச் சொன்னா. தொட்டேன். உயிரோடு இருந்தேன்.

"கரண்ட் போனா என்ன செய்யிறது?" என்றா. கரண்ட் இல்லாமலும் நன்றாக வாசிக்கலாம், அதுதான் இதன் விசேசம் என்று சந்தோசமாகச் சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் கடையின் நாணயமே போய்விட்டது. "அப்ப கரண்ட் என்னத்துக்கு?"

சோதனை வாசிப்பு

அன்ரன் அண்ணா எங்கள் ஊர்க் கலியாணங்களில் பைலா பாடுகிறவர். சனிக்கிழமை தோறும் மீன் விற்று முடிந்ததும் கடைக்கு வந்து, கை கழுவி, அந்தக் கிட்டாரை எடுத்துச் "சோதித்து"ப் பார்ப்பார். ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த சோதனை அவருக்குச் சரிவராது. ரோட்டில் போகிறவர்கள் வாசலில் சேருவார்கள். மெரின் அந்தச் சத்தத்தில்தான் நல்லாத் தூங்குவாள். முடிந்ததும் கிட்டாரை மரியாதையாகக் கொழுவிவிட்டு, வயிறு வெடித்து டேப் ஒட்டிய எங்கள் பழைய வாடகைக் கிட்டாரைக் கலியாண வீட்டுக்கு எடுத்துப் போவார்.

ஏணை ஞாபகத்தில் ஒருநாள் கேட்டேவிட்டேன், எடுக்கிற யோசனை இருக்கிறதா என்று. சவர்க்காரம் மணக்கிற கையால் நெற்றியைத் தடவினார். "நல்ல சாமானை அவசரப்பட்டு எடுக்கப்படாது தங்கச்சி. இன்னும் ரெண்டு பெருநாள் போகட்டும்."

உப்பு வைத்தியம்

அந்த மரத்துக்கு ஈரம் ஆகாதாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்புத் தண்ணீர், நடுவில் கடை. இதை விடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடைத்திருக்காது. உப்பு ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, நாநா ஒரு கிலோ உப்பைத் துணியில் முடிந்து கிட்டார்ப் பெட்டிக்குள் வைத்தார். உப்பளம் நிறைந்த எங்கள் புத்தளத்தில் உப்புக்கா பஞ்சம்.

உப்பு சொன்னபடி ஈரத்தை இழுத்தது. இழுத்த ஈரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெட்டிக்குள்ளேயே ஒழுகவிட்டது. நல்ல வேளை, கிட்டார் அப்போது அன்ரன் அண்ணாவின் மடியில் இருந்தது. நான் பெட்டியை வெயிலில் காய வைத்து, சப்பாத்துக் கடையில் வாங்கிய, ஈரம் குடிக்கிற சின்னச் சின்ன வெள்ளைப் பைகளை உள்ளே போட்டேன். நாநா அந்த உப்பு முடிச்சைத் தூக்கிப் பிழிந்தார். "நம்மட ஊர்ச் சாமான் தங்கச்சி. இதுவும் கால வாரும் எண்டு நினைக்கல்ல."

காற்றுக்குக் கேடு

நாங்கள் தவம் கிடந்த வெள்ளைக்காரர் கடைசியில் வந்தார். கூட, பட்டக் கடலில் அவருக்கு உதவி செய்கிற எங்கள் ஊர் சுரேஷ். நாநா சொன்னது சரி, அவர் முதலில் மரத்தைத்தான் விசாரித்தார். சான்றிதழைப் படித்துக் கண் கலங்கினார். கிட்டாரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார். ஏணைக்கு ஆயுசு கெட்டி என்று நான் உள்ளே போய் மெரினை ஒருதரம் கொஞ்சிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால், கம்பி மீட்டுகிற பிளாஸ்டிக் துண்டு ஒன்றுக்குக் காசு நீட்டிக்கொண்டு நிற்கிறார். வெளியே அவருடைய வேனில் மூன்று பட்டம், இரண்டு பலகை, ஒரு சைக்கிள். எல்லாம் அவரோடு பறந்து வந்தவை. ஏனாம் என்று சுரேஷிடம் கேட்டேன். "அவருக்கு நல்லாப் பிடிச்சிருக்காம் அக்கா. ஆனா ப்ளேன்ல பாரம் ஏத்தினா காத்துக் கெட்டுப்போகுமாம்."

வாய் கொடுத்தது

சீசன் முடிகிற நேரம், நிஸாம் கடையை அளக்க டேப்போடு வந்து போன பிறகு, ஆலங்குடாவில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் மனேஜர் போன் எடுத்தார். கொழும்புக்காரர். சான்றிதழோடு கிட்டார் வேண்டும், முழு விலை. பேரம்கூடப் பேசவில்லை. நானே மெரினை மடியிலும் கிட்டாரைப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் புறப்பட்டேன்.

வழியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். பெட்டிக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். கிட்டார் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். பழகிய வாய் நிற்குமா? "நல்ல மஹோகனி மரம் சேர்" என்று தொடங்கி, எந்தக் காட்டில் வெட்டியது என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். மரம் ஏற்றப் பெர்மிட் எங்கே என்றார். சான்றிதழைக் கொடுத்தேன். அதை இரண்டு பக்கமும் படித்த ஒரே மனிதர் அவர்தான். பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர், கம்பியை ஒருதரம் தட்டிவிட்டுச் சான்றிதழை மடித்துத் தந்தார். தங்கச்சிக்கு அவர் பாஷையில் நங்கி. "கிட்டாருக்குப் பெர்மிட் தேவையில்லை நங்கி. மரம் மரம் எண்டு நீங்கதானே கதைச்சது."

பார்க்கிறதும் கேட்கிறதும்

ஹோட்டலில் கிட்டாருக்கு ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கிட்டார் சுவரில் ஏறியது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் அதற்குப் பக்கத்தில் ஏறியது. வாசிக்க ஆள் இருக்கிறதா என்று வாய் தவறிக் கேட்டேன். கீறல் விழும், யாரையும் தொட விட மாட்டோம் என்றார் மனேஜர். இரவுச் சாப்பாட்டுக்குப் பாட்டு வேண்டாமா என்று அடுத்ததாகக் கேட்டது, நிச்சயமாக வாய் தவறி இல்லை.

இப்போது சனிக்கிழமை தோறும் அன்ரன் அண்ணா அந்தக் கிட்டாருக்கு நேர் கீழே கதிரை போட்டு, எங்கள் டேப் ஒட்டிய கிட்டாரில் வாசிக்கிறார். கிட்டார், ஸ்பீக்கர், மைக் எல்லாம் எங்கள் வாடகை. நாநா இசைச் சாமான்களை ஏறக்கட்டவில்லை. நிஸாம் பக்கத்துக் கடையை அளந்துகொண்டிருக்கிறார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, சுவரில் இருப்பதை ஏன் வாசிக்கவில்லை என்று அன்ரன் அண்ணாவைக் கேட்டாளாம். அவர் மேலே ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அது பாக்கிறதுக்கு, இது கேக்கிறதுக்கு. நான் சோதிச்சுப் பாத்திட்டன்."

அந்தக் கிட்டார் எந்த நாட்டில் எந்தக் காட்டைக் காப்பாற்றியதோ எனக்குத் தெரியாது, கல்பிட்டியில் ஒரு ஏணையைக் காப்பாற்றியிருக்கிறது, அதற்கு மட்டும் யாரும் சான்றிதழ் தரவில்லை.