கரைச்சல் தராத மனுசன்

காலையில் கடையைக் கூட்டும்போது என் விளக்குமாறு தவறாமல் அந்தச் சப்பாத்தில் போய் இடிக்கும். மொழிபெயர்ப்பு மேசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, கறுப்பு நிறத்தில் ஒற்றைச் சப்பாத்து. இடக்கால். "ஒற்றைச் சப்பாத்தை வச்சு என்னம்மா செய்யப் போறீங்கள்?" என்று மகள் கேட்கிறாள். எறிகிறேன், எறிகிறேன் என்று சொல்லியே ஒன்றரை வருடம் போய்விட்டது. அதன் சொந்தக்காரர்மீது எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. கோபம் தீராமல் ஒருவருடைய பொருளை எப்படி எறிவது?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் கடை. போட்டோகொப்பி, ரைப்பிங், மொழிபெயர்ப்பு. ஜேர்மனியிலிருந்து வரும் பத்திரங்களை ஆங்கிலமாக்க ஒருவர் தேவைப்பட்டபோது வந்து சேர்ந்தவர் அவர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்து, மனைவி இறந்த பிறகு தனியாகத் திரும்பி வந்தவர். சத்தியப்பிரமாணம் செய்து சீல் எடுத்த மொழிபெயர்ப்பாளர். எனக்கும் கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஜேர்மன் அண்ணை.

பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் என்றால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். வசனம் உள்ள பத்திரம் எதையாவது கொடுத்தால் தொலைந்தோம். ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரன் ஒருவன் எழுதிய சாதாரணக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்து, "இதை எழுதினவன் கோவத்திலை எழுதினவனோ, களைச்சுப்போய் எழுதினவனோ?" என்று கேட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவரை வைத்து வேலை வாங்குவது சண்டி மாட்டை வண்டியில் பூட்டின கதைதான். அடித்தாலும் நகராது, அவிழ்த்துவிடவும் மனம் வராது.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஜேர்மனியில் ஏழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய முப்பது வயது மகனின் மனநோய் அறிக்கை கையில். மூன்று பக்கம். அங்கே ஒருநாள் அவனை ரயில் பாதையிலிருந்து இழுத்து எடுத்திருக்கிறார்கள். இங்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, "எனக்கு ஒண்டுமில்லை" என்று சிரித்தபடி சொல்லியிருக்கிறான். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா மன்றாடி, வியாழக்கிழமை கிளினிக்கில் திரும்பவும் ஒரு இடம் எடுத்திருந்தார். அந்த ஜேர்மன் அறிக்கையை ஆங்கிலத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டொக்டர்.

அன்று பின்னேரமே மூன்று பக்கமும் முடிந்துவிட்டன, ஒரு சொல்லைத் தவிர. லைடன்ஸ்ட்ருக். கடைசிப் பந்தியில், நோயாளிக்கு லைடன்ஸ்ட்ருக் குறைவு என்று எழுதியிருந்தது. லைடன் என்றால் வேதனை, ட்ருக் என்றால் அழுத்தம். இதில் என்ன பெரிய வில்லங்கம்? கொம்பியூட்டரில் போட்டேன், "டிஸ்ட்ரெஸ்" என்று வந்தது. அப்படியே ரைப் பண்ணி, டிஸ்ட்ரெஸ் குறைவு என்று வைத்து, கையெழுத்துக்கு நீட்டினேன். அண்ணை வாசித்தார். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடைக்குள் போட்டார்.

"தங்கச்சி, ஒருத்தனுக்குப் பல்லு நோகுது. அந்த நோ அவனைக் கட்டிலாலை எழுப்பி, டொக்டரிட்டைத் தள்ளிக்கொண்டு போகுதெல்லே? அந்தத் தள்ளுதான் இந்தச் சொல். இவனுக்கு நோய் கிடக்கு, தள்ளுத்தான் இல்லை. நீர் எழுதினதை வாசிச்சால் டொக்டர் என்ன நினைப்பார்? பெடியன் சுகமாத்தான் இருக்கிறான் எண்டு நினைப்பார்."

"அப்ப சரியான சொல்லைச் சொல்லுங்கோவன் அண்ணை."

"அதுதான் இங்கிலீசிலை இல்லையே."

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் ஒரு வரியை எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தார். வெளியே பிளாஸ்டிக் கதிரைகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். வீசாவுக்கு அவசரம் என்று ஒருவர் என்னிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்தக் கோபத்தில் அவருடைய காலைப் பார்த்தேன். வலக்காலில் சப்பாத்து, இடக்காலில் ஒரு இறப்பர் செருப்பு, சொக்ஸோடு. கழற்றிய சப்பாத்து மேசைக்குக் கீழே கிடந்தது.

"என்னண்ணை, ஒரு கால் ஒபிசுக்கு, மற்றக் கால் குளிக்கிற அறைக்கோ?" என்றேன். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"சப்பாத்துக் கடிச்சுப்போட்டுது. நோகேல்லை," என்றார்.

புதன்கிழமை அந்த அம்மா வந்துவிட்டார். விடிந்தால் கிளினிக், கையில் மொழிபெயர்ப்பு இல்லை. நான் அவருக்கு முன்னாலேயே அண்ணையை ஏசினேன். அவர் அதைக் காதில் வாங்காமல், "அம்மா, மகன் வீட்டிலை எப்பிடி?" என்று கேட்டார்.

"அவன் தங்கமான பிள்ளை, தம்பி. சாப்பாடு குடுத்தால் சாப்பிடுவான். குடுக்க மறந்தால் கேக்க மாட்டான். அறையை விட்டு வரமாட்டான். ஒரு நாளும் ஒரு கரைச்சல், ஒரு தொந்தரவு தந்ததில்லை," என்றார் அந்த அம்மா. குரலில் பெருமை இருந்தது. எங்கள் ஆட்களிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. கரைச்சல் தராத பிள்ளை, கரைச்சல் தராத மருமகள், கரைச்சல் தராமல் செத்துப்போன கிழவன். கேட்காமல் இருப்பவர்களைத்தான் நாங்கள் மெச்சுவோம்.

அண்ணை பேனையை மேசையில் வைத்தார். "இதைத்தான் அம்மா அந்த டொக்டர் எழுதியிருக்கிறார்," என்றார். பிறகு என்னைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் ரைப் பண்ணினேன். ஆங்கிலத்தில் மூன்று வசனம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இவருடைய நோய் கடுமையானது. ஆனால் உதவி கேட்கும்படி அது இவரைத் தள்ளுவதில்லை. இவர் கேட்கவில்லை என்பதற்காக இவருக்கு நோய் இல்லை என்று எண்ணக்கூடாது.

"ஒரு சொல்லுக்கு மூண்டு வசனமோ? சத்தியம் பண்ணி சீல் எடுத்தனீங்கள் அண்ணை," என்றேன்.

"ஓம், அதாலைதான்," என்று சொல்லி சீலைக் குத்தினார்.

வியாழக்கிழமை டொக்டர் அந்த மூன்று வசனங்களையும் இரண்டு தரம் வாசித்தாராம். அன்றைக்கே அவனை வார்ட்டில் சேர்த்தார்கள். அடுத்த வாரம் அந்த அம்மா ஒரு பை மாம்பழத்தோடு வந்து, அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். அழுதுவிட்டு, அண்ணை மூன்று நாள் இழுத்தடித்ததற்காக அவரைத் திரும்பவும் ஏசினேன்.

அதற்குப் பிறகு அண்ணை சப்பாத்தை எடுத்துக்கொண்டு போகவேயில்லை. செருப்போடுதான் வந்தார், செருப்போடுதான் போனார். நாங்களும் பழகிவிட்டோம். கொஞ்ச நாளில் கடைக்குள் ஒரு கெட்ட மணம் வந்தது. பின்பக்கச் சாக்கடைக் கானில் எலி செத்துக் கிடக்கிறதாக்கும் என்று நினைத்து, வாளி வாளியாக மருந்துத் தண்ணி ஊற்றிக் கழுவினேன். "ஓம், கானாத்தான் இருக்கும்," என்றார் அவரும். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவருடைய அறைக்குப் போய் இடக்காலைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீனி வருத்தம், நீரிழிவு. அப்படி ஒன்று இருப்பதாகவே அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆனாலும் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது.

சீனி கூடினால் காலில் உணர்வு போய்விடும், புண் வந்தாலும் நோகாது என்று அங்கே ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் நோகேல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடைய உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள். "நல்ல மனுசன். ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்காமல் போயிட்டார்." எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். கரைச்சல் கொடுக்காதவரா? யாரோ ஒருவனுடைய ஒரு சொல்லுக்காக என்னை மூன்று நாள் படாத பாடு படுத்தியவர் அவர். அந்தக் கரைச்சலில் கால்வாசியைத் தன் காலுக்காகத் தந்திருந்தால் போதுமே. இதை நினைக்கும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பெடியன் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். போட்டோகொப்பி எடுக்க எங்களிடம்தான் வருகிறான். போன கிழமை, கொப்பி மங்கலாக இருக்கிறது என்று என்னோடு சண்டை பிடித்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

இன்று காலையும் விளக்குமாறு இடித்தது. சப்பாத்தை எடுத்துத் தூசி தட்டி, அதே இடத்தில் வைத்தேன். என்னுடைய கோபம், அவருடைய பிடிவாதம் என்று நான் எத்தனை சொன்னாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒன்றரை மாதம் அந்தச் செருப்பு என் கண்முன்னால் நடந்தது. "அண்ணை, காலை ஒருக்காக் காட்டுங்கோ" என்று நான் கேட்கவில்லை, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக. அந்த மூன்று வசனங்களையும் ரைப் பண்ணியது நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.