தேதி வெட்டாத பக்கம்

முப்பத்துநாலு வயதில் தன் கல்லறைக் கல்லைத் தானே தேய்த்துக் கழுவுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். அவள் பெயர் ரேலின் ஹட்டோ. தெற்கு அலபாமாவில், எல்போ கிரீக் என்கிற எங்கள் ஊரில், என் பியூட்டி பார்லரில் இரண்டாவது நாற்காலியில் முடி திருத்துகிறவள் அவள்தான்.

அவள் புருஷன் டால்டன் மின்கம்பி வேலைக்காரன். நாலு வருஷத்துக்கு முன்னால் சூறாவளி அடித்து ஊரே இருண்டு கிடந்தபோது கம்பத்தில் ஏறினான். யாரோ ஒரு புண்ணியவான் வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டி, தெருக் கம்பிக்குள் மின்சாரம் ஏற விட்டிருந்தான். செத்த கம்பி என்று டால்டன் தொட்டான், அதில் உயிர் இருந்தது. அவன் மகள் மேப்ரிக்கு அப்போது மூன்று வயது.

அடக்கம் முடிந்த வாரமே மாமியார் வில்லடீன் ரேலினைக் கல் வெட்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போனாள். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே கல்தான். போனவருக்கு இரண்டு தேதி, இருப்பவருக்குப் பிறந்த தேதியும் ஒரு கோடும். மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். என் பெயரும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அறுபத்தொன்று, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முப்பது வயதுப் பெண்ணுக்கு? அன்றைக்கு எதில் கையெழுத்துப் போட்டாள் என்று ரேலினுக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. பேயறைந்தவள் மாதிரி இருந்தாள், பேனாவைக் கொடுத்தார்கள், போட்டாள்.

அப்புறம் ஹார்லன் ப்ரூயிட் வந்தான். வீடுகளுக்கும் கடைகளுக்கும் எரிவாயு நிரப்புகிற லாரி ஓட்டுகிறவன். நாற்பது வயது, இன்னும் கல்யாணமாகவில்லை, ஒரு வாக்கியம் பேசி முடிக்க அரை நாள் எடுப்பான். என் கடையின் எரிவாயுத் தொட்டி பாதி இருக்கும்போதே நிரப்ப வந்து நின்றான். இரண்டாம் தடவை அப்படி வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ரேலினுக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. பள்ளிக்கூடம் விட்டு மேப்ரி என் கடைக்கு வருகிற நாட்களில் அவனைப் பிடித்துக்கொண்டு நாற்பது கேள்வி கேட்பாள். நாற்பதுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொல்லுவான். அதைப் பார்த்துத்தான் ரேலின் அவனிடம் விழுந்தாள் என்பது என் எண்ணம்.

இந்த ஈஸ்டர் அன்று அவளிடம், கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டான். மே மாதம் ஊரே கூடிக் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற அலங்கார ஞாயிறு முடியட்டும், சொல்கிறேன் என்றாள் இவள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பிடித்தது கிறுக்கு. திங்கட்கிழமை சரி என்பாள், செவ்வாய்க்கிழமை முடியாது என்பாள். ஞாயிறு பள்ளி டீச்சர் தலைக்குப் போட வேண்டிய சாம்பல் நிறச் சாயத்தை வேறொருத்திக்குப் பூசி, அந்த வேறொருத்தியின் செம்புச் சாயத்தை டீச்சருக்குப் பூசிவிட்டாள். டீச்சர் கண்ணாடியைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை நாய் குரைத்தது.

"உனக்கு என்னதான்டி வேணும்?" என்று கத்தினேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் ஜோனெல் இப்பிடி இருக்கேன்?" என்று அவளும் கத்தினாள். பிறகு ஷாம்பூ பேசினில் கவிழ்ந்து அழுதாள்.

விஷயம் மேப்ரிதான். வாசிக்கப் பழகிவிட்டாளே! கல்லறையில் பூ வைக்கப் போன இடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். "அம்மா, உன் பேருக்குப் பக்கத்துல என்ன நம்பர் போடுவாங்க? சீக்கிரமாப் போடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அது போதாதென்று, "நீ ஹார்லனைக் கட்டிக்கிட்டா அப்பா பக்கத்துல யாரு படுப்பா? நான் படுக்கட்டுமா?" என்றும் கேட்டிருக்கிறாள். ஏழு வயதுக் குழந்தை.

கல் வெட்டுகிறவனுக்குப் போன் செய்து கேளு என்றேன். கேட்டாள். கருங்கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது, மேலே ஒரு தகடு வைத்து மூடலாம் என்றான் அவன். இவள் போனை வைத்துவிட்டாள்.

"மூடிட்டா மிஸ் வில்லடீன் என் மூஞ்சில முழிப்பாங்களா? அவங்க இல்லைன்னா நானும் பிள்ளையும் இந்த நாலு வருஷம் பிழைச்சிருப்போமா?"

மாமியாரை மிஸ் போட்டுக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. அவள் சொன்னதும் வாஸ்தவம். கடைக்கு வராத நாளெல்லாம் மேப்ரி அந்தப் பாட்டி வீட்டில்தான். பேத்தி சாப்பிட்டாளா, பல் விளக்கினாளா எல்லாம் அவள் பொறுப்பு. எனக்கும் எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு வந்தது. காலையில் எல்லாருமாகக் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்தோம். ரேலின் வாளியும் பிரஷுமாக உட்கார்ந்து டால்டன் பக்கத்தைத் தேய்த்தாள், தன் பக்கத்தையும் தேய்த்தாள். பிரசங்கம் முடிந்து, தேவாலயத்துக்குப் பின்னால் நீள மேஜைகளில் சாப்பாடு பரப்பினோம். பொரித்த கோழி, பட்டர் பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், வாழைப்பழப் புட்டிங். ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் ஜாடி என் கையில்.

ஹார்லன் வந்திருந்தான். ஆனால் மேஜைப் பக்கம் வரவில்லை. ஓக் மரத்தடியில் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் சொந்தக்காரர்கள் யாரும் இங்கே புதைக்கப்படவில்லை. எதற்கு வந்தான் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எல்லாரும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வில்லடீன்தான் வாயைத் திறந்தாள். "அந்த ஆளு ஏன் அங்கயே நிக்கிறான்? நம்ம கோழி அவனுக்கு ஆகாதாமா?"

ரேலின் தட்டை வைத்துவிட்டாள். "மிஸ் வில்லடீன், அவன் என்னைக் கட்டிக்கணும்னு கேட்டிருக்கான்."

"தெரியும் கண்ணு. ஈஸ்டர்ல இருந்து ஊருக்கே தெரியும். உனக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியலன்னு சொன்னாங்க."

"ஆனா அந்தக் கல்லு... என் பேரு..."

வில்லடீன் முள்கரண்டியைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். "என் பேரு எத்தனை கல்லுல இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"ரெண்டுல. இங்க டால்டனோட அப்பா பக்கத்துல ஒண்ணு. அடுத்த மாவட்டத்துல ஆரின் பக்கத்துல ஒண்ணு. என் மொதப் புருஷன். காகித ஆலை விபத்துல போயிட்டான். எனக்குப் பத்தொம்பது வயசு. கட்டிப் பதினோரு மாசம். அவங்க அம்மா என் பேரையும் சேத்து வெட்டிட்டாங்க."

அடக் கடவுளே! நாற்பது வருஷமாக அவள் தலைக்கு நான்தான் சுருள் வைக்கிறேன். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எனக்குத் தெரியும். இது தெரியாது! ஜாடி கையைவிட்டுப் போகப் பார்த்தது.

"அப்ப நீங்க எதுலதான் படுப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"அதான் எனக்கே தெரியல ஜோனெல். ஒரு நாள் அங்கன்னு தோணும், ஒரு நாள் இங்கன்னு தோணும். முப்பத்தொம்பது வருஷம் ஒருத்தரோட வாழ்ந்துட்டு இன்னொருத்தனை நெனைக்கலாமான்னா, நெனைக்கத்தான் செய்யிறேன். பொதைக்கிறவங்க பாத்துக்கட்டும்."

ரேலின் முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவும் தெரிஞ்சிருந்தும் ஏன் எனக்கு அதையே செஞ்சீங்க?"

வில்லடீன் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். குரல் இறங்கிப் போயிருந்தது. "என் புள்ள தனியாக் கெடக்குறதைப் பாக்க முடியல. அன்னைக்கு உன்னை நான் நெனைக்கவே இல்ல. அது என் தப்பு. தகடு வைக்கணும்னா வையி, நானும் கூட வரேன்."

ரேலின் நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று நினைத்தேன். அவளோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நீங்க கூடாதுன்னு சொல்லுவீங்கன்னு நம்பியிருந்தேன்," என்றாள். "நீங்க சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருக்கலாம்."

"அதெல்லாம் நான் சொல்ல மாட்டேன்," என்றாள் வில்லடீன். மேப்ரியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ போயி அவன்கிட்ட பேசு. அப்பா பக்கத்துல படுக்கறதைப் பத்தி இவகிட்ட நான் பேசிக்கிறேன்."

ரேலின் எழுந்து ஓக் மரத்தடிக்கு நடந்தாள். நானும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். தாகத்துக்குக் கொடுக்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹார்லன்," என்றாள். "நீ சாக மாட்டேன்னு சொல்லு."

அவன் தொப்பி உருட்டுவதை நிறுத்தினான். யோசித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. மடையா, சொல்லித் தொலையேன், ஒரு வார்த்தைதானே!

"அது... என்னால சொல்ல முடியாதே ரேலின்," என்றான். "லாரில எரிவாயு. ரோட்டுல மத்தவனுங்க ஓட்டுறதையும் நீ பாக்குறே. தெரியாத ஒண்ணைச் சொன்னா அது பொய்யி."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டால்டன் சொல்லுவான்," என்றாள் ரேலின். "தினமும் கதவுல நின்னு, சாயங்காலம் வந்துருவேன், சத்தியம்னு சொல்லுவான். அன்னைக்குக் காலையிலயும் சொன்னான். நாலு வருஷமா அவன் மேல கோவமா இருக்கேன் ஹார்லன். செத்துப்போனவன் மேல. யார்கிட்ட போயி இதைச் சொல்ல?"

ஹார்லன் தொப்பியை வண்டி மேல் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

"எனக்கும்," என்றான்.

"அப்ப சரி, கட்டிக்கலாம்," என்றாள் ரேலின்.