அண்ணை உருக்கித் தந்த சுறா எண்ணெய்

எனக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது நான் அழவில்லை. கருவாடு தின்னக்கூடாது என்றபோதுதான் அழுதேன். ஊர்காவற்றுறையில், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். உப்பைக் குறை, கருவாட்டை விடு, மீனையும் இறைச்சியையும் அளந்து தின் என்றால் அப்படிப்பட்டவள் வேறு எதைத்தான் தின்பாள்? எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தெட்டு வயது. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல், வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

"இது முழுக்கச் சுகமாகிற வருத்தம் இல்லை. ஆனால் கவனமா இருந்தீரெண்டால் கனகாலம் இருக்கலாம்" என்றார் டொக்டர்.

நான் கலியாணம் கட்டவில்லை. நானும் என் தையல் மெசினும் அண்ணையின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருந்தோம். செய்தி கேட்டு என்னைவிட அதிகம் கலங்கியவர் அண்ணைதான். "மீனும் தின்னாட்டி உடம்பில என்ன சத்து நிக்கும்?" என்று முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வெளிநாட்டுச் சத்துமாவு ரின்களைக் கடைகளில் கண்ணாலும் காணமுடியாத காலம். அண்ணை தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். தாம் பிடித்த சுறாக்களின் ஈரல்களைக் கிடாரத்தில் போட்டு அவித்து, மேலே மிதந்த எண்ணெயை வழித்தெடுத்துப் போத்தலில் அடைத்துக்கொண்டு வந்தார்.

"மீனைத்தானே டொக்டர் குறைக்கச் சொன்னவர்? இது எண்ணெய்" என்றார்.

இதே எண்ணெயைத்தான் வள்ளத்துக்கும் பூசுவார்கள். வள்ளம் உளுத்துப்போகாமல் நிற்கிறது, தங்கச்சியும் நிற்பாள் என்று நினைத்தாரோ என்னவோ. காலையில் ஒரு மேசைக்கரண்டி, பின்னேரம் ஒன்று. நான் முகத்தைச் சுளித்து, மூக்கைப் பொத்தி விழுங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

நாலைந்து மாதத்தில் உதடு வெடித்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. சீப்பை வைத்தால் மயிர் கொத்தாக வந்தது. தலையிடி தாங்காமல் மெசினுக்கு முன்னால் இருக்கவே ஏலாது போயிற்று. சிறுநீரகம் முடியப்போகிறது என்றுதான் நினைத்தேன். மெசினை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்துவைத்துவிட்டேன். டொக்டருக்கும் விளங்கவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும், "வேறை ஏதும் மருந்து பாவிக்கிறீரோ?" என்று கேட்பார். "இல்லை, ஐயா" என்பேன். அது பொய்யென்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் மருந்தல்ல, சாப்பாடு.

ஒரு கிளினிக் நாளில் என் நிறையைப் பார்த்த நேர்ஸ், முகத்துக்குக் கிட்ட வந்து நின்றாள். "அக்கா, சுறா எண்ணெய் குடிக்கிறனீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள். அவளும் கடற்கரையில் வளர்ந்தவள். அந்த மணம் அவளுக்குத் தப்புமா?

"ஓம், சத்துக்கு."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, நேரே டொக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு எவ்வளவு நாளாக, எத்தனை கரண்டி என்று விசாரித்தார். கோபிக்கவேயில்லை. அதனாலேயே எனக்கு வெட்கம் கூடிற்று.

"அதில விற்றமின் ஏ கனக்க இருக்கு. கூடக் குடிச்சால் ஆருக்கும் கூடாது. உம்மைப்போலை சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கு அது உடம்பை விட்டுப் போகாமல் இன்னும் கெதியாச் சேரும். இனி ஒரு சொட்டும் வேண்டாம். ரொனிக்கோ, குளிசையோ, கசாயமோ, எதெண்டாலும் வாயில வைக்கமுன்னம் என்னட்டைக் கேளும்."

அன்றே நிறுத்தினேன். அண்ணையிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. பகலெல்லாம் கடலில் காய்ந்துவிட்டு வந்து, புகைக்குள் நின்று உருக்கிய எண்ணெய் அல்லவா? அவர் முன்னால் கரண்டியை வாயில் கவிழ்த்து, அவர் போனதும் பின்வளவில் துப்புவேன். அவர் வராத வேளைகளில் போத்தலையும் அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்ப்பேன். ஊர்ப் பூனைகளெல்லாம் என் வளவுக்குக் குடிவந்துவிட்டன.

இரண்டு மூன்று மாதத்தில் தலையிடி விட்டது. மயிர் திரும்ப முளைத்தது. கால் வீக்கம் முழுக்கப் போகாவிட்டாலும் தைக்கத் தொடங்கினேன். அண்ணைக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "பாத்தியே, எண்ணெய் பிடிச்சிட்டுது!" என்றார். நான் ஒரு கோழை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது அண்ணை சொன்னார்: "சுருவில் ஊரிலை ஒருத்தருக்கு உன்ரை வருத்தம்தானாம். பெண்சாதி வந்து கேட்டவ. நேற்று ரெண்டு போத்தல் குடுத்துவிட்டனான்."

கோயில் முற்றத்தில் சனம் நிற்கிறதென்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "அண்ணை, அந்த எண்ணெய்தான் என்னை விழுத்தினது. அதை நிப்பாட்டினாப் பிறகுதான் நான் எழும்பினனான்."

அண்ணை முன்கோபி. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சைக்கிளை வாங்கி, பூசைக்கு உடுத்த வேட்டியோடேயே அந்தக் கொதிக்கிற வெயிலில் சுருவிலுக்கு மிதித்தார். பின்னேரம் போத்தல்களோடு வந்தார். ஒன்றில் இரண்டு கரண்டி அளவு குறைந்திருந்தது. மற்றது திறக்கப்படவில்லை. அந்த மனிதரைக் கிளினிக்குக்கு வரச்சொல்லி வாக்கும் வாங்கி வந்திருந்தார்.

அடுத்த கிளினிக் நாளில் அண்ணை கடலுக்குப் போகவில்லை. நான் கேட்காமலே என்னோடு வந்தார். அறை நிறையச் சனம். டொக்டருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்த எண்ணெயைக் குடுத்தது நான்தான். இவள் வேண்டாமெண்டு முகத்தைச் சுளிச்சவள். நான்தான் நிண்டு பருக்கினனான். இவளில பிழையில்லை. இவளுக்குச் சத்துக்கு நான் இனி என்ன குடுக்கலாம்? சொல்லுங்கோ, அதை மட்டும் குடுக்கிறன்."

டொக்டர் எழுந்து தமக்குப் பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு, "முதல் இதில இரும்" என்றார். பிறகு நான் தின்னக்கூடியதையும் கூடாததையும் அண்ணைக்குத்தான் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சுருவில்காரரும் அன்று வந்திருந்தார்.

இது நடந்து ஐந்தாறு வருடமாகிறது. இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மணத்தைப் பிடித்த அந்த நேர்ஸ் பிள்ளைக்கும், கோபிக்காத அந்த டொக்டருக்கும் நான் செபிக்காத நாளில்லை. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் "நான்தான்" என்று சொன்ன அண்ணையை நினைத்தால் எனக்குச் செபமும் வராது, கண்ணீர்தான் வரும். அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் உன்னை நானே கொன்றிருப்பன், பிள்ளை" என்றார்.

"பிந்தேல்லை, அண்ணை" என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்தேன்.