தராசுக்காரரின் மிதவை விமானம்

என் தங்கை புருஷன் தராசு ரிப்பேர்க்காரர். கிராம் சுத்தமாகப் பார்க்கிற மனுஷன். குழம்புக்கு உப்பைக்கூட எடை போட்டுத்தான் போடுவார் என்று தங்கை கேலி செய்வாள். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் ஆறவில்லை.

எல்லாம் ஒரு பொம்மை விமானத்தால் வந்தது. ரிமோட்டில் பறப்பது, இறக்கை நாலரை அடி. மரச் சட்டம் அடித்தது அவர். மேலே ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் சுருக்கமில்லாமல் தேய்த்து ஒட்டியது தங்கை. சலவைக் கடையில் பதினெட்டு வருஷம் தேய்த்த கை. அவர் பறக்கவிடுவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அவளுக்குக் கடையில் பெண்டு நிமிரும். அது பறந்து ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை.

கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் படுத்தாள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி நாள் கணக்குதான் என்றார். ஜன்னலுக்குக் கீழே ஏரி.

"இங்கேர்ந்து பாத்தா நல்லாத் தெரியும்ல? ஒரே ஒரு தடவை பறக்க விடுங்களேன்" என்று புருஷனைக் கேட்டாள்.

ஏரியைச் சுற்றிக் கட்டடமும் மரமும். சக்கரம் உருள ஒரு முழம் தரை கிடையாது. விமானம் தண்ணீரிலிருந்துதான் ஏறியாக வேண்டும்.

மனுஷன் இரண்டே நாளில் முடித்தார். சக்கரத்தைக் கழற்றினார். தெர்மோகோலில் இரண்டு மிதவை செதுக்கி, துணி ஒட்டி, எபாக்ஸிப் பசை பூசி, அலுமினியக் கம்பியால் மாட்டினார். முந்நூற்று நாற்பது கிராம் கூடியது. விமானம் இரண்டு விரல் நுனியில் ஆடாமல் நிற்கும்வரை பேட்டரியை நகர்த்திக்கொண்டே இருந்தார். அந்த வேலையில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

முதல் நாள் ஏரியில் சின்னச் சின்ன அலை. விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். போனில் கத்தினேன்.

"விடுங்க மாப்ள, அவ உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா!"

"காத்து நிக்கட்டும் மச்சான். போன வருஷம் இப்படி ஒரு காத்துலதான் இறக்கை ஒடிஞ்சுது. இப்ப ஒடிஞ்சா யாரு தேச்சு ஒட்டுவா?"

இரண்டாம் நாளும் அதே காற்று, அதே பாட்டு. மூன்றாம் நாளும் அப்படியே. நான் பல்லைக் கடித்தேன். "விடுண்ணா, அவரு அப்படித்தான்" என்று தங்கை சிரித்தாள்.

நாலாம் நாள் காற்று நின்றது. ஏரியில் ஒரு சுருக்கம் இல்லை. அவளால் தலை தூக்க முடியவில்லை, நான்தான் தாங்கிப் பிடித்தேன். விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது, ஓடியது, எழும்பவே இல்லை. திருப்பித் திருப்பி ஏழு தடவை ஓட்டினார். பேட்டரி தீர்ந்து நடு ஏரியில் நின்றுவிட்டது.

"ஏண்ணா ஏறல?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து என்னை ஏரிக்கு வரச் சொன்னார். நல்ல காற்று, தண்ணீரெல்லாம் அலை. விமானத்தைத் தண்ணீரில் வைத்து வேகத்தைக் கூட்டினார். கொஞ்ச தூரம்கூட ஓடவில்லை, ஜிவ்வென்று ஏறிவிட்டது.

"அசையாத தண்ணி மிதவையைப் பிடிச்சு வச்சுக்குமாம் மச்சான். அலை இருந்தாத்தான் அடியில காத்து புகுந்து மிதவை விடுபடுமாம். நேத்துதான் படிச்சேன்."

அப்புறம் தண்ணீரைக் காட்டினார். "மூணு நாளும் அலை அடிச்சுதே மச்சான்..."

ரிமோட்டைப் பிடித்தபடியே கரையில் உட்கார்ந்து அழுதார். திட்டத்தான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. விமானம் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.